தார்ப்பாய் போர்த்திய வேன்

எங்கள் நர்ஸ் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அந்தக் கோபத்தால்தான் எங்கள் தெரு பிழைத்தது.

சுகாதாரத் துறையும் பல்கலைக்கழகமும் சேர்ந்து மனநல ஆய்வுக்கு ஒரு வேன் அனுப்பின. யார் பெயர் பெரிது என்ற போட்டியில் வேன் முழுக்க 'மனநல ஆய்வு' என்பதோடு இருவர் பெயரும் கொட்டை எழுத்தில். தெருவே கதவைச் சாத்திக்கொண்டது. "நாலு பேரு பாத்தா என்ன நினைப்பாங்க?" என்றார் தையல்காரர்.

அக்கா அதிகாரியையும் பேராசிரியரையும் ஒருசேரப் பிடித்தாள். "உங்க பேரு ஏறிடுச்சு சார், ஒரு ஆளாவது ஏறினாங்களா?" என்று எழுத்துகள்மேல் தார்ப்பாயைப் போர்த்தினாள். பிறகுதான் ஒவ்வொருவராக வந்து மனம்விட்டுப் பேசினார்கள்; தேவைப்பட்டவர்களுக்கு வைத்தியமும் கிடைத்தது.

மறுவருடம் தார்ப்பாய் போர்த்தியபடி அக்காவோடு வந்த வேனைத் தையல்காரரே வழிமறித்தார்.

"தார்ப்பாயை எடும்மா. என் கடை வாசல்லயே நிறுத்து. நான் இப்ப நிம்மதியா தூங்குறேன். நாலு பேரு பாக்கட்டும்!"