வரப்பு நண்டு எங்கள் வாய்க்காலில் மாட்டிக்கொண்டது

உரக்கடைத் தொழிலில் யாரும் யாரையும் நம்புவதில்லை. தேவையில்லாததைத் தலையில் கட்டுகிறான் என்று விவசாயி கடைக்காரனைச் சந்தேகப்படுவார். போட்டிக் கம்பெனி சரக்கை முன்னால் அடுக்குகிறான் என்று கம்பெனிக்காரர் சந்தேகப்படுவார். இரண்டு பேரும் சேர்ந்து குழி பறிக்கிறார்களோ என்று கடைக்காரன் சந்தேகப்படுவான். திருக்காட்டுப்பள்ளி கடைத்தெருவில் இப்படி ஒரு கடையை வைத்துக்கொண்டு, நான் புனைபெயரில் வலைப்பூவும் எழுதினேன்.

எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து வேண்டாம் என்று சொல்லும் வலைப்பூ அது. இதைக் கடையிலேயே சொல்லலாமே என்பீர்கள். சொல்லிப் பார்த்தாயிற்று. "மருந்து வேண்டாம்" என்றால், "ஸ்டாக் இல்லையா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். அதனால் 'வரப்பு நண்டு' என்ற பெயரில் எழுதினேன். வரப்பில் ஓட்டை போட்டு வயல் தண்ணீரை வடிய விடும் ஜந்து அது. யாருடைய வரப்பு என்று அப்போது நான் யோசிக்கவில்லை. மருந்துக் கம்பெனிக்குத் தெரிந்தால் டீலர்ஷிப் போய்விடும், அது போனால் கடையே இல்லை. ஆபீசுக்குத் தெரியாமல் இணையத்தில் இன்னொரு பெயரில் உலவும் அன்பர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

என்னைப் பற்றி என்னிடமே

எனக்கு மூன்று மா நிலம் உண்டு, ஒரு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு அடுத்த வயல்காரர் செல்வராஜ். ஒரு நாள் அவர் கடைக்கு வந்து போனை என் முகத்துக்கு நேராக நீட்டினார். ஆனைக்கொம்பன் ஈ பற்றி நான் எழுதியிருந்த பதிவு. குருத்து வெங்காயத்தாள் மாதிரி நீண்டபிறகு மருந்தடித்துப் பயனில்லை, அந்தத் தூரில் கதிர் வராது என்று விளக்கமாக எழுதியிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, கம்பெனி விற்பனைப் பிரதிநிதி கார்த்திக் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். "யாரோ எழுதுறான், விடுங்க" என்றேன். செல்வராஜ் விடவில்லை. என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏண்ணே, இந்த நண்டு விவரமான ஆளா, இல்ல பொழுது போகாத வெட்டிப்பயலா?"

டீச்சர் விசாரித்தது

வீட்டில் என் போன் எப்போதும் கவிழ்ந்தே கிடக்கும். எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போவேன், தனியாகச் சிரித்துக்கொண்டே திரும்பி வருவேன். கல்யாணமானவன் செய்யக்கூடாத அத்தனையும் செய்தேன். ஒரு நாள் நான் குளிக்கப் போயிருந்தபோது போன் சத்தம் போட, என் மனைவி மல்லிகா எடுத்துப் பார்த்துவிட்டாள். பூம்புகார் பக்கத்திலிருந்து ஸ்டெல்லா டீச்சர் என்ற வாசகி கேட்டிருந்தார்: 'இரண்டு நாளாகக் காணோமே, உடம்புக்கு என்ன?'

ஈரத்துணியோடு நின்று முழு உண்மையையும் ஒப்பித்தேன். மல்லிகா நம்பவில்லை. வலைப்பூவை ஆரம்பத்திலிருந்து படிக்க உட்கார்ந்துவிட்டாள். வேப்பெண்ணெய்க் கரைசலின் வாடையைப் பற்றிச் சொல்லும்போது, அவள் வைக்கும் ரசத்தை ஓரிடத்தில் உதாரணம் காட்டியிருந்தேன். அதையும் படித்தாள். சமையற்கட்டில் பாத்திரங்கள் பேச ஆரம்பித்தன. சாயங்காலம் காபியை டக்கென்று வைத்துவிட்டுச் சொன்னாள்: "வேற பொம்பளைன்னாக்கூட ஒரு நாள் சலிச்சுப்போயி விட்டுருவீங்க. இதை விடமாட்டீங்க போலருக்கே."

துப்பறியும் வேலை

அடுத்த தடவை வந்த கார்த்திக், குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். "சார், இந்த நண்டு நம்ம ஏரியா ஆளுதான். கண்டுபிடிச்சுச் சொல்லுங்க" என்றார். என்னைத் தேடும் பொறுப்பை என்னிடமே கொடுத்தார். ஆழம் பார்க்கிறாரோ என்ற பயத்தில் தலையை மட்டும் ஆட்டினேன்.

அவருடைய சந்தேகம் எதிர்க்கடை ஜமால் பாய் மேல் இருந்தது. பாய் பல வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்து பம்ப்செட் சாமான் கடை போட்டிருப்பவர். கையில் எந்நேரமும் போன். "அவருக்கு நெல்லுக்கும் கோரைக்கும் வித்தியாசம் தெரியாது சார்" என்று நான் எவ்வளவோ சொன்னேன். கார்த்திக் நேராகத் தெருவைத் தாண்டிப் போய்க் கேட்டேவிட்டார். பாய் ஒரே வார்த்தையில் மறுத்திருக்கலாம். தாடியைத் தடவினார், கடைக்கு வந்திருந்த நாலு பேரையும் ஒரு பார்வை பார்த்தார். ராத்திரி கண்விழித்து எழுதியவன் வயிறு எரிய நான் இங்கே நிற்கிறேன், அவர் அங்கே சொல்கிறார்: "எழுதுறவன் நாந்தான்னு எந்தக் காலத்துல தம்பி ஒத்துக்கிட்டான்?"

தண்ணீர் காட்டிக்கொடுத்தது

பெயரை மறைத்தேன், ஊரை மறைத்தேன், வயலில் போட்டிருந்த நெல் ரகத்தைக்கூட மாற்றி எழுதினேன். ஆனால் வாய்க்காலில் தண்ணீர் வந்தால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்குமா? 'இன்று காலை எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது, கால் நனைத்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன்' என்று ஒரு வரி போட்டேன். சென்னையில் இருப்பவருக்கு அது வெறும் சந்தோஷம். இங்கே அது முழு விலாசம்.

மறுநாள் வரப்பில் செல்வராஜ் வழிமறித்தார். "நேத்து முறைத்தண்ணி நம்ம வாய்க்காலுக்கு மட்டுந்தாண்ணே. மத்த மதகெல்லாம் அடைச்சுக் கெடக்கு. நம்ம வாய்க்கால்ல மருந்தைப் பத்தி எழுதற ஆளு வேற யாரு? பாய்க்கு நெலமே கெடையாது" என்றார். என் பிழைப்பே அவர் வாயில் இருந்தது. வெளியே விட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் என் தோளில் கைபோட்டார்: "சேச்சே, யாருகிட்டயும் சொல்லலண்ணே. நம்ம வாய்க்கால்காரவங்களுக்கு மட்டுந்தான் சொன்னேன்."

கல்லா முன்னால்

அதன்பின் கடையில் கூட்டம் கூடியது. ஏன் சிரிக்கிறார்கள், எதற்கு இவ்வளவு மரியாதை என்று ஒவ்வொரு முகமாக ஆராய்ந்துகொண்டிருந்தேன். கார்த்திக் வந்திருந்த ஒரு நாள், செல்வராஜ் இலைச்சுருட்டுப் புழு விழுந்த பயிரைப் பிடுங்கிக்கொண்டு வந்து கல்லா மேல் வைத்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கார்த்திக் எழுந்து, அலமாரியிலிருந்து தங்கள் மருந்துப் பாட்டிலை எடுத்துப் பயிருக்குப் பக்கத்தில் வைத்தார். கடையில் இருந்த அத்தனை பேரும் என் வாயையே பார்த்தார்கள். விற்றால் நண்டு செத்தது, வேண்டாம் என்றால் கடை போனது. பயிரைப் புரட்டிப் பார்த்தேன். நட்டுக் கொஞ்ச நாளே ஆன இளம்பயிர்.

"வேணாம் செல்வராஜ். தானா தேறிக்கும்" என்றேன்.

செல்வராஜ் சிரித்துக்கொண்டே போய்விட்டார். கார்த்திக் பாட்டிலை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். மற்றவர்கள் கலையும்வரை காத்திருந்துவிட்டு, பைக் சாவியைச் சுழற்றியபடி சொன்னார்: "வாய்க்கால் பூரா தெரிஞ்ச விஷயம் எனக்குத் தெரியாதா சார்? நீங்க வேணாங்கறது ஒண்ணு ரெண்டு நின்னுபோகுது, வாஸ்தவந்தான். ஆனா நீங்க வேணுங்கறதை ஜனங்க கண்ணை மூடிட்டு வாங்குறாங்க. எழுதுங்க, நிறுத்திராதீங்க."

மருந்து வேண்டாம் என்று எழுத உட்காரும்போதெல்லாம், இதையும் கம்பெனிக்காகத்தான் எழுதுகிறேனோ என்று இப்போது என் மேலேயே எனக்குச் சந்தேகம்.