கடல் தள்ளும் கதவு

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஆழ்துளைக் கிணறு தோண்டும் போர் வண்டி சொந்தமாக இரண்டு வாங்கினேன், மாடி வீடு கட்டினேன். மீஞ்சூரிலிருந்து புதுவாயல் வரை நான் போர் போடாத தெரு இல்லை. இதையெல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.

போர் போடக் கூப்பிடுகிறவர்களிடம் "கீழ ஆறு ஓடுது" என்றுதான் சொல்வேன். எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வதுதான். அதனால் தண்ணீர் உப்புக் கரித்தபோது, ஆறு இன்னும் கீழே இருக்கிறது என்று ஜனங்கள் ஆழமாகப் போகச் சொன்னார்கள். நானும் போனேன். இன்னும் கரித்தது.

ஊர்க் கூட்டத்தில் ஒரு அதிகாரி அம்மா 'கடல்நீர் ஊடுருவல்' என்று படம் காட்டினார். யாருக்கும் ஏறவில்லை. பக்கத்து வீட்டுக்காரி என் பக்கம் திரும்பினாள்.

"இன்னா நைனா, இன்னும் எத்தினி அடி போனா உன் ஆறு வரும்?"

கூட்டம் சிரித்தது. நான் எழுந்தேன்.

"ஆறும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா. பூமிக்குக் கீழ ஒரு கதவு இருக்குதுன்னு வெச்சிக்கோ. அதுக்கு அந்தாண்ட கடல் தள்ளிக்கினு நிக்குது. இந்தாண்ட நல்ல தண்ணி முட்டுக் குடுத்துக்கினு நிக்குது. நாம நல்ல தண்ணிய உறிஞ்சிட்டா கதவு தொறந்துக்கும்."

"அப்ப மழத்தண்ணிய உள்ள வுட்டா?" என்றாள் அவள்.

"நல்ல தண்ணி கதவத் திரும்பத் தள்ளும்."

அதன்பிறகுதான் எங்கள் தெருவில் மழைநீரைப் பூமிக்குள் விட்டார்கள்.

இப்போது அந்தக் கதவு அதிகாரி அம்மாவின் நோட்டீஸில் படமாக இருக்கிறது, பள்ளிக்கூடச் சுவரிலும் இருக்கிறது. என் பெயர் எங்கும் இல்லை. சண்டை போடத் தெம்பில்லை. நோட்டீஸ் போடுகிறவர்களுக்கு ஒன்று: அடுத்த முறை அச்சடிக்கும்போது கதவைச் சொன்னவன் நான் என்று ஒரு வரி போடுங்கள். ஆற்றைச் சொன்னவனும் நான்தான், அதையும் சேர்த்தே போடுங்கள்.