நாற்பதைத் தாண்டிய வேன்

என் மாப்பிள்ளை வேனைக் கண்மண் தெரியாமல் ஓட்டுவார். ஏனாத்தூரில் ஒரு வேலியை இடித்த பிறகு, வேகம் நாற்பதைத் தாண்டாதபடி அதில் ஒரு கருவியைத் தெருவே அறியப் பொருத்த வைத்தாள் என் மகள். எனக்கோ வாய் சும்மா இருக்காது.

"மாப்ள, பின்னாடி நத்தை ஒண்ணு ஆரன் அடிச்சுக்கினு வருது, வழி வுடுங்க" என்பேன்.

ஒரு மாதம் பொறுத்தார். ஒருநாள் விடிந்ததும் மெக்கானிக்கை வைத்துக் கருவியைக் கழற்றிவிட்டார்.

"ஏறுங்க அத்தை. இன்னிக்குப் பாக்கலாம்."

வாலாஜாபாத் போய்த் திரும்பும்போது பஸ்ஸையே முந்தினார். 'மெதுவாப் போங்க' என்று சொன்னால் போதும். ஆனால் இத்தனை நாள் கேலி செய்த வாயால் எப்படிச் சொல்வது? முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் தெருவுக்குள் அதே வேகத்தில் திரும்பினார். தெரு நீளத்துக்கும் தறிக்கான பட்டு நூல்களைப் பாவாக இழுத்துக் கட்டியிருந்தார்கள். குனிந்து இழைகளைப் பிரித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மல்லிகா நிமிர்ந்து பார்த்தாள். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது.

"நிறுத்துங்க மாப்ள."

வேன் நின்றபோது பாதிப் பாவு சக்கரத்தில் சுற்றியிருந்தது. ஒரு முழம் தள்ளி, சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள் மல்லிகா.

"அந்த மிஷினை யாருய்யா கழட்டச் சொன்னது?" என்று தெருவே சூழ்ந்துகொண்டது.

மாப்பிள்ளை தலைகுனிந்து நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

"நான்தாம்மா. நான் ஏத்திவுட்டுதான் கழட்டினாரு" என்றேன்.

"சும்மா இரு ஆயா. இப்பகூடவா உனுக்கு வெளாட்டு?" என்றாள் மல்லிகா.

மறுபடி சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. திட்டு முழுவதையும் அவரே வாங்கிக்கொண்டார்.