மீசைக்காக வெட்டிய குளம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நானாக எங்கே நின்றேன், வாத்தியார்தான் நிறுத்தினார். அப்படிப்பட்டவன் கட்டியதைக் கொஞ்சம் கேளுங்கள். கள்ளி மட்டுமே விளைந்த காட்டில் கோழிப்பண்ணை போட்டேன். முதல் கொட்டகையைச் சித்திரைக் காற்று அப்படியே தூக்கிக்கொண்டுபோய்ப் பக்கத்து ஊரில் வைத்தது. போய்த் தகரத்தைப் பொறுக்கிக்கொண்டு வந்து மறுபடி போட்டேன். ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் லாரி வாங்கினேன். ஒரு வார்த்தை தெரியாத ஆந்திராவுக்குப் போய், கையைக் காலை ஆட்டியே பேசி, போர் போட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். "உனக்கெல்லாம் எதுக்கப்பா மாடி?" என்று கேட்ட பங்காளி வீட்டுக்கு எதிரிலேயே மாடிக்கு மேல் மாடி கட்டினேன். இன்றைக்கும் அவர் வீட்டு வடகம் என் மாடி நிழலில் காயாமல்தான் கிடக்கிறது.

இது எல்லாவற்றுக்கும் முன்னால் நான் கட்டியது ஒரு குளம். அப்போது எனக்கு டவுசரை இறுக்கிக் கட்டவே அரைஞாண் கயிறு வேண்டியிருந்தது.

இதை இப்போது எழுத வேண்டி வந்ததற்குக் காரணம் என் அண்ணன் மகன். அந்தக் குளத்தைத் தூர்வாரி, கரைக்குக் கல் பதித்து, ஒரு கருங்கல் பலகை வைக்கப்போகிறானாம். பலகையில் வெட்டப்போகிற வாசகத்தைப் போனில் படித்துக் காட்டினான். குளத்தை வெட்டியவர் என் அப்பா, அளந்து கொடுத்தவர் என் அண்ணன். அத்தோடு முடிந்தது. "எம்பேரு எங்கடா?" என்றால், "சித்தப்பா, நீங்க அப்பச் சின்னப் பையனுங்களே" என்கிறான். சின்னப் பையன் செய்த வேலை என்னவென்று அவனுக்கும் தெரியட்டும், உங்களுக்கும் தெரியட்டும்.

எங்கள் தோட்டம் நாமக்கல்லுக்கு மேற்கே, மேட்டுக்காடு. செம்மண். ஒரு முழம் தோண்டினால் சுக்கான்கல். மழை பெய்தால் தண்ணீர் எந்த வழியாகப் போனது என்று மண்ணுக்கே தெரியாது. என் அம்மா பிறந்த ஊரோ பரமத்தி வேலூர்ப் பக்கம், காவேரிக் கரை. வாழை, கரும்பு, வெற்றிலைக் கொடிக்கால் என்று வருசம் முழுக்கப் பச்சைதான். அம்மாவின் அண்ணன், அதாவது என் மாமன், எங்களைப் பார்க்கும்போதெல்லாம் ஏதோ காவேரியே அவர் தாத்தா வெட்டிவிட்ட வாய்க்கால் போலப் பேசுவார்.

தை மாசத்தில் மாமன் மகளுக்குக் காதுகுத்து. நாங்கள் எல்லாரும் போயிருந்தோம். பந்தியில் அப்பா இரண்டாவது தடவை தண்ணீர் கேட்டார். மாமன் செம்பைத் தூக்கிக்கொண்டு தானே வந்தார்.

"நல்லாக் குடிங்க மாப்ள. போறப்ப ஒரு கொடம் புடிச்சுட்டும் போங்க. உங்கூர்ல ஊத்தி வெச்சுக் கொளம்னு காட்டலாமுங்க."

பந்தியே சிரித்தது. அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அதை அப்பா பார்த்துவிட்டார். அப்பாவின் மீசையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். விளக்கெண்ணெய் தடவி முறுக்கினால் சைக்கிள் ஹேண்டில்பார் மாதிரி இரண்டு பக்கமும் நிற்கும். கோபம் வந்தால் அதன் நுனி மட்டும் ஆடும். அன்றைக்கு ஆடியது.

"மச்சான், பங்குனி நோம்பிக்கு எங்கூட்டுக்கு வாங்க. எம்பட பொடக்காளியில கொளம் இருக்கும், தாமரை இருக்கும். அந்தக் கரையிலதான் உங்களுக்கு எலை போடறது. தண்ணி நிக்கலீன்னா இந்த மீசைய எடுத்துப்போடறனுங்க."

"கத்திய நானே கொண்டாறனுங்க மாப்ள. உங்களுக்கு ஏன் செலவு?" என்றார் மாமன்.

மறுநாள் விடிந்ததும் அப்பா வீட்டுக்குப் பின்னால், பொடக்காளியில் நின்று குதிகாலால் தரையில் ஒரு வட்டம் கிழித்தார்.

வேலை தொடங்கியது. அப்பா கடப்பாரை. அம்மா கூடை. ஹைஸ்கூல் படித்துக்கொண்டிருந்த அண்ணன் ஒரு டேப்பைப் பிடித்துக்கொண்டு நிழலில் நின்றான். அவ்வப்போது ஓர் எண்ணைச் சொல்வான். அந்த எண் எதற்கென்று யாருக்கும் தெரியாது, ஆனால் சொன்னான். அதற்குத்தான் இப்போது கருங்கல்லில் பெயர். நான் ஓட்டைச் சட்டியில் மண் சுமந்தேன். கரைக்கு வரும்போது பாதிதான் இருக்கும். சிந்திய பாதிதான் இன்றைக்கும் குளத்துக்கு இறங்குகிற சரிவாக இருக்கிறது. அதையும் யாரும் சொல்வதில்லை.

குழி இடுப்பளவு ஆனதும் கிணற்று ஆயில் என்ஜினைப் போட்டு வாய்க்காலைத் திருப்பினோம். சாயங்காலம் பார்த்தால் குளம் ததும்பி நின்றது. அப்பா சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அதில் இறங்கிக் குளித்தார். மறுநாள் காலையில் அதே இடத்தில் நாய் படுத்திருந்தது. அடியில் ஈரம்கூட இல்லை.

அப்பா அசரவில்லை. ஏரியிலிருந்து வண்டி வண்டியாக வண்டல் மண் கொண்டுவந்து குளத்து அடியில் கொட்டிப் பரப்பினார். மறுபடியும் என்ஜின், மறுபடியும் ததும்பல். மறுநாள் காலை மறுபடியும் நாய். பங்குனி பிறந்துவிட்டது. கிணற்றில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. அப்பா மீசையைத் தடவுகிற விதமே மாறிப்போனது. முன்னெல்லாம் முறுக்குவார். இப்போது ஊருக்குப் போகிற பிள்ளையைத் தடவிக் கொடுப்பது போல் தடவினார்.

அம்மா ஒரே ஒரு தடவை சொன்னாள்: "ஏனுங்க, மண்ணக் கொட்டுனா மட்டும் ஆச்சுங்களா? தண்ணிய உட்டு, சேத்த நல்லா மெதிக்கோணும். எங்கூர்ல நெல்லு நடறப்ப..."

எங்கூர்ல என்றதும் அப்பாவுக்கு மேலே கேட்க முடியவில்லை. "உங்கூருப் பேச்ச எடுத்தீன்னா பாரு!" என்றார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, யாரோ கேட்டது போல, "எருமைய எறக்குனா ரெண்டு நாள்ல மெதிச்சுப்போடும்" என்று அடுப்பிடம் சொன்னாள். அப்பா எழுந்தே விட்டார். "தாமரைக் கொளத்துல எருமையா? எருமைக் குட்டை வெட்டி வெச்சிருக்கறான்னு உங்கண்ணன் ஊரெல்லாம் தமுக்கடிக்கவா? எருமை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துதுன்னா அன்னைக்கே சந்தைக்கு ஓட்டீருவேன்!"

நோம்பிக்கு, அதாவது ஊர்த் திருவிழாவுக்கு, ஒரு வாரம் இருக்கும்போது அப்பா தாமரைக் கிழங்கு வாங்கச் சேந்தமங்கலம் புறப்பட்டார். தண்ணீரே நிற்காத குளத்துக்குத் தாமரை எதற்கு என்று கேட்க யாருக்குத் தைரியம்? அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கி, இரண்டு நாளில் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா போன பஸ் கண்ணுக்கு மறைந்ததும் அம்மா அண்ணனைக் கூப்பிட்டு, வாழைக்குத் தண்ணீர் விட என்ஜினைப் போடச் சொன்னாள். அவன் போட்டான். வாழைக்குப் போக வேண்டிய தண்ணீர் எப்படியோ மடை உடைந்து குளத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. மடைப் பக்கத்தில் அம்மாவின் மண்வெட்டி கிடந்தது. பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டாள். தான் தினமும் மேய்க்க ஓட்டிப்போகிற எருமையை அன்றைக்கு என் கையில் கொடுத்தாள். "பொடக்காளிக் கல்லுக்கால்ல கட்டிப்போட்டுட்டு நீ பக்கத்துலயே வெளையாடு சாமி. மெரண்டுபோயிரும், இறுக்கிக் கட்டாத" என்றாள். மடியில் ஒரு பிடி பொட்டுக்கடலையும் வெல்லமும் போட்டுவிட்டாள்.

நான் சொன்னபடிதான் கட்டினேன். கயிறு ஏற்கனவே நைந்த கயிறு. பங்குனி வெயில், பத்தடியில் தண்ணீர். எருமை என்ன செய்யும்? ஒரு இழுப்பு. அடுத்த நிமிசம் அது குளத்தின் நடுவில் மூக்கையும் கொம்பையும் மட்டும் வெளியே வைத்துக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தது.

எனக்கு உயிர் போய்விட்டது. சந்தைக்கு ஓட்டுவேன் என்றாரே! நான் உள்ளே குதித்து வாலைப் பிடித்து இழுத்தேன். அது எழுந்து இன்னொரு பக்கம் போய்ப் படுத்தது. முதுகில் ஏறிக் காதைத் திருகினேன். சுற்றிச் சுற்றி நடந்ததே தவிரக் கரை ஏறவில்லை. நேரம் ஆக ஆக எனக்கும் அது பிடித்துப்போனது. அந்த வழியாக எருமை ஓட்டிக்கொண்டு போன பக்கத்துத் தோட்டத்துப் பையன்கள் இதைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டுச் சும்மா போக அவர்கள் என்ன சாமியார்களா? சாயங்காலம் வரை குளத்துக்குள் எருமைகளும் நாங்களும் யார் யாரென்று தெரியாதபடி ஒரே நிறமாக இருந்தோம். மிதி என்றால் அப்படி மிதி. சேறு குழைந்து, பிசைந்த களி மாதிரி ஆகிவிட்டது.

அம்மா இரண்டு தடவை எட்டிப் பார்த்தாள். "ஐயோ ஐயோ, எறங்கீருச்சா!" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அடுத்த நாளும் அதே கயிறு, அதே கல்லுக்கால், அதே பொட்டுக்கடலை.

அன்று சாயங்காலம் அப்பா வந்தார். தோளில் ஈரச் சாக்கு, சாக்கில் தாமரைக் கிழங்கு. குளத்தைப் பார்த்தார். சாக்கு கீழே விழுந்தது.

"எவன்டா எருமைய எறக்குனது?"

பையன்கள் வேலி தாண்டிவிட்டார்கள். எருமைமேல் உட்கார்ந்திருந்ததால் நான் ஒருவன்தான் உயரமாகத் தெரிந்தேன். அப்பா இடுப்பு வாரில் கை வைத்தார். அதற்குள் அம்மா எங்கிருந்தோ ஓடிவந்தாள். "நீங்க உடுங்க, இவன நான் பாத்துக்கறேன்! சொல்லச் சொல்லக் கேக்காம எறக்கிப்போட்டான்!" என்று கத்திக்கொண்டே முருங்கை மரத்தில் ஒரு கிளையை ஒடித்து என்னை விளாச ஆரம்பித்தாள். முதல் அடியில் குச்சி ஒடிந்தது. இன்னொன்று ஒடித்தாள். அதுவும் ஒடிந்தது. மூன்றாவதும் போனது. நான் போட்ட கூச்சலில் ரோட்டில் போன லாரி நின்று பார்த்துவிட்டுப் போயிற்று.

கடைசியில் அப்பாதான் நடுவில் வந்தார். "போதும் உடு புள்ள, பையன் செத்துப்போயிருவான்!" என்று என்னைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். எருமையைச் சந்தைக்கு ஓட்டுகிற பேச்சே எழவில்லை.

மறுநாள் காலையில் நாய் கரையில் நின்று குளத்தைப் பார்த்துக் குரைத்துக்கொண்டிருந்தது. அது படுக்கிற இடத்தில் தண்ணீர். விட்ட அளவு குறையாமல் அப்படியே நின்றது. அப்பா கரையைச் சுற்றிச் சுற்றி வந்தார். கடைசியில் மீசையை ஒரு முறுக்கு முறுக்கி, "நாங் கொட்டுன வண்டல் இப்பத்தான் புடிச்சிருக்குது" என்றார். அம்மா, "ஆமாங்க, நல்ல வண்டலுங்க" என்றாள். அண்ணன் டேப்பைப் பிடித்து ஆழத்தை அளந்து ஓர் எண்ணைச் சொன்னான். குளத்தின் வரலாறு அந்த நிமிசத்திலேயே எழுதி முடிக்கப்பட்டுவிட்டது. அதில் நான் அடி வாங்கிய பையன் மட்டும்தான்.

நோம்பி அன்றைக்கு மாமன் வந்தார். தங்கைக்குத் தாய்வீட்டுச் சீராக ஒரு தாம்பாளம். வாழைத்தார், கட்டு வெற்றிலை, மஞ்சள், குங்குமம். எல்லாவற்றுக்கும் மேலே, பூச்சரம் சுற்றிய சவரக் கத்தி.

குளத்தைப் பார்த்ததும் மாமன் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். ஆனாலும் லேசில் விடவில்லை. குங்குமத்தைத் தொட்டுக் கரைக்கல்லில் தண்ணீர் மட்டத்தில் ஒரு கோடு இழுத்தார். "சாயங்காலம் வரைக்கும் பாக்கலாமுங்க மாப்ள" என்றார். நடுவில் பூத்திருந்த ஒரே தாமரையைக் குச்சியால் இழுத்தார். அது முழுசாகக் கையோடு வந்தது, தண்டில் வாழைநார் முடிச்சோடு. நட்ட கிழங்கு அதற்குள் பூக்குமா? அப்பா நாமக்கல் கோயில் வாசலில் வாங்கிக் கட்டி வைத்தது அது.

"உங்கூர்த் தாமரை நாரு கட்டியேதான் மொளைக்குமுங்களா மாப்ள?"

"பந்தயம் தண்ணிக்குத்தானுங்க மச்சான்."

கரையில் இலை போட்டார்கள். மாமன் கறிச்சோறு சாப்பிட்டதைவிடக் கோட்டைப் பார்த்ததுதான் அதிகம். அம்மா அவருக்குப் பக்கத்தில் குனிந்து, "அண்ணா, குடிக்கத் தண்ணி வேணும்ங்களா? இங்க நெறையக் கெடக்குது" என்றாள். பொழுது இறங்கியது, கோடு நனைந்தபடியே இருந்தது. அப்பா தாம்பாளத்திலிருந்து கத்தியை எடுத்து மாமன் கையில் கொடுத்தார். "உங்களுக்கு எடுக்கறதுக்கு மீசையும் இல்லீங்களே மச்சான். வெத்தலக் காம்பாவது கிள்ளுங்க."

அதற்குப் பிறகு பல வருசம், மூன்று குச்சி ஒடிந்தும் எனக்கு ஒரு தழும்புகூட இல்லை என்று ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தேன். என் முதுகு அப்படிப்பட்ட முதுகு என்று நம்பினேன். அந்த நம்பிக்கையில்தான் காற்றில் பறந்த கொட்டகையையும் மறுபடி கட்டினேன். பின்னால் என் மகன் ஒருநாள் ஏதோ சேட்டை செய்ய, நானும் அதே புறக்கடையில் குச்சி தேடினேன். கதவு மூலையில், எவ்வளவு அடித்தாலும் ஒடியாத புளியவிளார் சாத்தியிருந்தது. அம்மா காலத்திலிருந்தே அது அங்கேதான் இருக்கும். அதைத் தாண்டித்தான் முருங்கை மரத்துக்குப் போக வேண்டும். முருங்கைக் கிளை குருவி உட்கார்ந்தாலே ஒடியும் என்பது எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். எனக்கு அன்றைக்குத் தெரியவில்லை. காதுகுத்துப் பந்தியில் தன் அண்ணனோடு சேர்ந்து சிரித்தவள், யார் மீசைக்காக அந்தக் கிளைகளை ஒடித்தாள் என்பதும் தெரியவில்லை.

ஆகவே அண்ணன் மகனே, கல்லில் முதலில் உன் பாட்டி பெயரைப் போடு. எருமைக்குப் பெயர் வைக்கவில்லை, படம் வெட்டு. உன் அப்பன் டேப் பிடித்தான் என்று வேண்டுமானால் ஓரத்தில் போட்டுக்கொள். ஆனால் யோசனை பாட்டியுடையது என்பதற்காக என்னை விட்டுவிடக் கூடாது. இரண்டு நாள் சேற்றை மிதித்தது நான், பழியைச் சுமந்தது நான், மூன்று முருங்கைக் கிளைக்கும் முதுகைக் கொடுத்தது நான். பாட்டி பெயருக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில் என் பெயர் வர வேண்டும். கல்லில் இடம் போதாது என்றால் பெரிய கல்லாக வாங்கு. ரிக் லாரியில் ஏற்றி நானே கொண்டுவந்து இறக்குகிறேன்.