அக்கா வீட்டுத் தளமும் என் கருநாக்கும்

வானிலை ரேடாரில் எனக்கு வேலை. ஆவணியில் ஒரு மதியம், கள்ளிக்குப்பத்தில் அக்கா வீட்டுக்குக் கான்கிரீட் தளம் போட்டுக்கொண்டிருந்தார்கள். இங்கே என் திரையில், திருவள்ளூருக்கு மேலே ஒரு வெள்ளைத் திட்டு சுற்றுக்குச் சுற்று பெருத்துக் கிழக்கே, கள்ளிக்குப்பம் பக்கமாக நகர்ந்தது. இடிமழை மேகம். அக்கா தெரு மளிகைக்கடைக்குப் போன் போட்டு மாமாவைக் கூப்பிட்டேன். கலவையை நிறுத்தச் சொன்னேன்.

"இன்னா மச்சான், இங்க வெயிலு மண்டைய பொளக்குது. உன் பொட்டில பேயிற மழைய நீயே வச்சிக்க" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தார்.

சாயங்காலம் மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். சிமெண்ட் பால் தெருவில் வழிந்து கிடந்தது. மேலே ஜல்லி பல்லிளித்தது.

"உனக்குக் கருநாக்கு மச்சான். நீ வாய வச்ச, வந்துட்ச்சி" என்றார் மாமா. அதற்குத் தலையாட்டியது யார்? என் அக்கா. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேகத்தை நானா வளர்த்தேன்?

இடித்துவிட்டு மறுபடி தளம் போட்ட நாளை என்னிடம் மறைத்தார்கள். மழை வருமென்று சொல்ல அவர்களுக்கு இருந்த ஒரே ஆளிடம். எல்லாம் முடிந்தபிறகு, வேலையாட்களுக்குப் போட்ட பிரியாணியைத் தூக்கில் எடுத்துக்கொண்டு மாமா வந்தார்.

"கோச்சிக்காத மச்சான், துன்னு."

திறக்காமலே தூக்கை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.