சிறுமலையில் மலை எங்கே?

திண்டுக்கல்லில் எங்கள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதெல்லாம் சிறுமலை ஒரு சுவர் மாதிரி எதிரே நிற்கும். நாற்பத்து மூன்று வயதுவரை அதில் ஏறியதில்லை. உயரம் என்றாலே எனக்கு உள்ளங்கால் கூசும். மகள் நிவேதா அங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாகச் சேர்ந்து மூன்று மாதமாகியும், மூட்டுவலி, விருந்தாளி என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வாரம் போனில் மெதுவாகக் கேட்டாள்: "நான் இங்க வந்தது பிடிக்காமத்தான வரமாட்டேங்குற?" அந்த ஞாயிறே கிளம்பிவிட்டேன்.

பஸ் இருக்கிறது. ஆனால் பயம் வந்தால் பஸ்ஸைப் பாதி வழியில் திருப்பச் சொல்ல முடியாதே. அதற்காகவே, போக வர 1,800 ரூபாய்க்கு வாடகைக் கார். காலை 7.40க்குப் புறப்பட்டோம். சுமார் 25 கிலோமீட்டர், பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவிலேயே கண்ணை மூடிக்கொண்டேன். டிரைவர் காதர் பாய் ஒவ்வொன்றாக எண்ணிச் சொல்லிக்கொண்டு வந்தார். ஆறாவதில், திரும்பிவிடலாமா என்றேன்.

"திருப்ப எடம் வேணுமேக்கா. மேல போய்த் திருப்பிக்கிருவோம்."

காது அடைத்தது. பிறகு வெகுநேரம் வண்டி வளையவே இல்லை. கண்ணைத் திறந்தால் இருபுறமும் வாழை, காபி, மிளகுக் கொடி. நடுவே சாதுவான ஒரு ரோடு. மலைக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டேன்.

"மலை மேலதானக்கா போய்க்கிட்டிருக்கோம்."

பீடபூமி என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். கீழிருந்து பார்த்தால் செங்குத்து. மேலே வந்தால் மெல்லிய ஏற்ற இறக்கங்களோடு பரந்து கிடக்கும் நிலம். உயரம் தெரிவது விளிம்பில் மட்டும்தான். மூன்று மாதமாக நான் என் மகளை அந்த விளிம்பிலேயே நிறுத்தி வைத்திருந்தேன்.

அவள் அறை வாசலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டேன். நம்பாமல் பார்த்தாள். வியர்வையில் நனைந்த என் முந்தானையைத் தொட்டதும் சிரித்தாள்.

"இம்புட்டு பயத்தோடயா வந்த? எம்மேல கோவம்னுல்ல நெனச்சேன்."

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு காட்சிமுனைக்குக் கூட்டிப் போனாள். தடுப்புக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நம் வீடு தெரிகிறதா என்று கேட்டேன்.

"கண்ணத் தொறந்தாத்தானம்மா தெரியும்."

திறந்தேன். எங்கள் ஊர் மலைக்கோட்டைப் பாறை தூரத்தில் குழவிக்கல் அளவுக்குக் கிடந்தது. அதன் பக்கத்தில் எங்கோ எங்கள் மொட்டை மாடி.

என்னைப் போன்றவர்களுக்கு: முன் இருக்கையில் உட்காருங்கள், காது அடைத்தால் எச்சிலை விழுங்குங்கள், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், வெளிச்சம் இருக்கும்போதே இறங்கிவிடுங்கள். கார் வேண்டாம், பஸ்ஸிலேயே போங்கள். பாதி வழியில் திருப்ப முடியாது என்பதுதான் அதில் நல்ல விஷயம்.