ஒத்தக்கண்ணன்

ஆற்றில் எந்த மீன் சொந்தம், எது வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று கணக்கெடுப்பதுதான் எங்கள் பிழைப்பு. நான் படகோட்டி. அக்கா எங்கள் குழுவுக்குத் தலைவி. முதுகுக்குப் பின்னால் அவருக்கு அளவுகோல் என்று பெயர். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால்கூட அதன் நீளத்தைக் கண்ணாலேயே அளந்துவிடுவார்.

பேட்டரிப் பெட்டியிலிருந்து தண்ணீரில் லேசாக மின்சாரம் விடுவோம். மீன்கள் மயங்கி மிதக்கும். அள்ளிப் பலகையில் வைத்து அளப்போம். சொந்த மீன் என்றால் தெளிந்ததும் ஆற்றுக்கே போகும். அயல்மீன் என்றால் கிராம்பு எண்ணெய் கலந்த வாளிக்குள் போகும். அங்கே தூங்கினால் தூங்கினதுதான். அந்த வேலையை அக்கா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

எனக்குத்தான் மனசு கேட்காது. "ஒண்ணே ஒண்ணுதானேக்கா, விட்டுடலாமே" என்பேன்.

"அந்த ஒண்ணு நாளைக்கு ஆறு முழுக்க நிக்கும். இங்க பொறந்த குஞ்சுங்க எங்க போகும்?"

சரியான கல்நெஞ்சுக்காரி என்று நினைத்திருந்தேன், பேட்டரியை இறக்கி வைக்க அவர் வீட்டுக்குள் போகும் வரை. கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே மீன் இல்லை. மோட்டார் மட்டும் உறுமிக்கொண்டு குமிழி விட்டது. அக்காவின் கணவர் தையற்காரர். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்:

"பாப்பா வளர்த்த மீன் இருந்துச்சு. அவ போனதும் அதுவும் செத்துப் போச்சு. மோட்டாரை நிறுத்தினா உங்கக்காவுக்குத் தூக்கம் வராது."

ஒன்பது வயதில் காய்ச்சலில் போன ஒரே மகள். அதற்குப் பிறகு படகில் எங்கள் பேட்டரிப் பெட்டி உறுமும்போதெல்லாம் எனக்கு அந்தக் கூடம்தான் ஞாபகம் வரும். பேய் என்றாலாவது விரட்டலாம்.

சென்ற மாதம் அவர்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் பாலத்தடியில் வேலை. தையற்காரர் பிளாஸ்க்கோடு படிக்கட்டில் நின்றிருந்தார். தூண் ஓரத்தில் கறுப்பாக ஒன்று மிதந்தது. டேங்க் கிளீனர். வீட்டுத் தொட்டிகளில் கண்ணாடியை நக்கிச் சுத்தம் செய்யுமே, அந்த மீன். முழங்கை நீளம் இருந்தது. அக்கா பலகையில் வைத்துப் புரட்டினார். இடது கண் இல்லை. அவர் கை நின்றுவிட்டது.

"ஒத்தக்கண்ணன்" என்றார், கூப்பிடுவது போல.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. தையற்காரருக்குப் புரிந்துவிட்டது. செருப்போடு ஆற்றுக்குள் இறங்கினார். நான் பதறிப்போய் மின்சாரத்தை அணைத்தேன்.

"செத்துப் போச்சுன்னு பொய் சொன்னேன். அவ இல்லாத வீட்ல இது மட்டும் கண்ணாடியில ஒட்டிக்கிட்டு ஒத்தக் கண்ணால என்னையே பார்த்துச்சு. தாங்க முடியல. இங்க கொண்டாந்து விட்டுட்டேன்."

அக்கா மீனை ஈரத்துணியால் போர்த்தினார். அவர் தயங்கி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"தொட்டி சும்மாதானேக்கா இருக்கு, வீட்டுக்குக் கொண்டு போயிடுங்க. நான் எதையும் பார்க்கல" என்றேன்.

அக்கா பலகையில் தெரிந்த அளவையே பார்த்துக்கொண்டிருந்தார். "இந்த நீளத்துக்கு அதுல திரும்பக்கூட முடியாது."

"அப்ப ஆத்துலயே விட்டுடு," தையற்காரர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா கை பட்ட உயிரு இது ஒண்ணுதான் மிச்சம்."

அக்கா அவர் கையை எடுத்து மீனின் வயிற்றில் வைத்தார். "முட்டை. வயிறு நிறைய."

தையற்காரர் கையை எடுக்கவில்லை. "கட்டை விரல் அளவுதான் இருந்துச்சு. எவ்ளோ பெருசா வளர்ந்துடுச்சு."

"உயிரோட இருந்தா வளரத்தானே செய்யும்."

அக்கா மீனை வாளிக்குள் இறக்கினார். அது அசைவதை நிறுத்தும் வரை தண்ணீருக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வீட்டு வாசல்வரை போனேன். மோட்டார் சத்தம் இல்லை. தையற்காரர் அழுவது தெருவரை கேட்டது. இத்தனை வருடம் அந்தச் சத்தத்துக்குள் அவர் அழுதிருந்தாலும் யாருக்குத் தெரிந்திருக்கும்? பேட்டரியை வாசலிலேயே வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் திரும்பினேன்.